டெ மாயின் நகரத்துப் பொருட்காட்சித் திடல்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் மத்திய மேற்குப் பிரதேசத்தில், கண்ணுக்கு எட்டிய தூரம்வரை மக்காச்சோளம் விளைந்து நிற்கும் அயோவா மாநிலத்துக்கு ராஜதானியாய் விளங்குவது டெ மாயின் நகரம். ரக்கூன் ஆறு டெ மாயின் நதியோடு சங்கமமாகும் இடத்தில் அமைந்த இந்நகருக்கு வருகிற பிரயாணியின் கண்ணை முதலில் கவர்வது, குன்றின்மேல் நிற்கும் சட்டசபை மாளிகையின் பொன்வேய்ந்த கும்மட்டமே. ஆயினும், இம்மாநிலத்து ஜனங்களின் உள்ளத்தை அறிய விரும்புகிறவர், அந்த மாளிகையையும் கடந்து கிழக்கே சென்று, ஆகஸ்டு மாதத்தில் பதினொரு நாள் நடக்கும் பொருட்காட்சியின் திடலுக்குள் நுழைவதே உசிதம்.

இத்தகைய பொருட்காட்சிகளுக்கு மூலம் எதுவென்று தேடிப் போனால், அது நம்மை 1807-ஆம் ஆண்டுக்குக் கொண்டுபோய் நிறுத்தும். அந்த வருஷம், மாசசூசெட்ஸ் மாநிலத்துப் பிட்ஸ்ஃபீல்டு என்னும் ஊரின் சதுக்கத்தில், எல்கனா வாட்சன் என்பவர் தம்முடைய மெரினோ ஆடுகள் இரண்டை ஒரு மரத்தடியில் கட்டிவைத்து, ஊராரைக் கூட்டிக் காட்டினார். ஏட்டைப் புரட்ட அவகாசமில்லாத குடியானவனுக்குக் கண்ணால் காண்பதைவிடச் சிறந்த போதனை கிடையாது என்பதும், அண்டைவீட்டான் பரிசு வாங்குவதைக் கண்டால் அவனுக்கும் ரோஷம் பிறந்துவிடும் என்பதும் அவர் கண்டுகொண்ட சூட்சுமம். அந்தச் சூட்சுமமே வளர்ந்து, 1841-இல் நியூயார்க் மாநிலத்துச் சிரக்யூஸ் நகரில், மாநிலம் முழுமைக்குமான பொருட்காட்சியாக உருவெடுத்தது.

1846-இல் மாநில அந்தஸ்துப் பெற்ற அயோவா, எட்டே ஆண்டுகளில், 1854-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில், ஃபேர்ஃபீல்டு என்னும் சிற்றூரில் தன் முதற் பொருட்காட்சியை நடத்திவிட்டது. பின்னர் சில வருஷங்களுக்கு ஒரு தரம் ஊர்விட்டு ஊர் மாறி, மிசிசிப்பிக் கரைப் பட்டணங்களிலும் தங்கி, 1879-இல் தலைநகரை வந்தடைந்து, 1886-இல் இப்போதுள்ள திடலில் நிலைகொண்டது. 1898-ஆம் ஆண்டிலும், இரண்டாம் உலக மகாயுத்தத்தின்போது 1942 முதல் 1945 வரையிலும், பெருந்தொற்றுக் காலமான 2020-இலும் நின்றுபோனதைத் தவிர, இதற்கு இடையூறு நேர்ந்ததில்லை. மாநிலத்து ஜனத்தொகையோ முப்பது லட்சத்துக்குச் சற்று அதிகம். அண்மைக் காலத்தில் நல்ல வருஷமாயின் பொருட்காட்சிக்கு வருகிறவர் கணக்குப் பத்து லட்சத்தைத் தாண்டிவிடுகிறது.

வந்தவர் பலரும் முதலில் விசாரிப்பது வெண்ணெய்ப் பசுவை. மரமும் இரும்பும் கம்பிவலையுமாய்ச் சட்டம் கட்டி, ஏறக்குறைய அறுநூறு பவுண்டு வெண்ணெயை அதன்மேல் அப்பி, குளிரூட்டிய கண்ணாடி அறைக்குள் மெய்யான பசுவின் அளவிலேயே வடிக்கும் இந்த வழக்கம் 1911-இல் தொடங்கியது. 1960 முதல் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இதனை வடித்துவந்த நார்மா லயன் என்னும் பெண்மணி, தாமே பண்ணையில் வாழ்ந்தவர். பசுவின் இடுப்பெலும்பு எங்கே புடைக்கும், மடிநரம்பு எப்படி ஓடும் என்பதெல்லாம் கைப்பழக்கமாகவே தெரிந்தவராதலின், பால் கறந்து பழகிய ஜனங்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று குற்றம் காண இடம் வைக்கவில்லை.

குற்றம் காண்பதுதான் இந்தத் திடலின் ஜீவநாடி என்று சொன்னால் தவறாகாது. கன்று, குதிரை, செம்மறி, ஆயிரம் பவுண்டுக்கும் மேல் எடை நிற்கும் ஆண்பன்றி முதலாக, ஊறுகாய், ஜாம், அப்பவகை, தைத்த மெத்தைவிரிப்பு ஈறாக, எதுவாயினும் இங்கே நடுவர்முன் வைக்கப்பட்டுத் தீர்ப்புக்குக் காத்துநிற்கிறது. முதற்பரிசுக்கு அடையாளம் ஒரு நீலநாடா. அயோவாக்காரரான ஃபில் ஸ்டாங் 1932-இல் எழுதி, பிற்காலத்தில் திரைப்படமாகவும் புகழ்பெற்ற நாவலில், ஒரு குடியானவக் குடும்பம் பன்றியையும் ஊறுகாயையும் சுமந்துகொண்டு புறப்படுவது இந்தப் பொருட்காட்சிக்குத்தான்.

வேடிக்கைக்கும் குறைவில்லை. 1896-இல், பழைய ரயில் எஞ்சின்கள் இரண்டை எதிரெதிரே ஓடவிட்டு மோதி நொறுங்கச் செய்து, பெருங்கூட்டத்துக்குக் காட்டினார்கள். 1932-இல் மறுபடியும் அப்படி மோதவிட்டபோது, அவ்வருஷத்துத் தேர்தலில் எதிர்நின்ற ஹூவர், ரூஸ்வெல்ட் இருவரின் பெயர்களையும் எஞ்சின்களுக்குச் சூட்டியது, பஞ்சகாலத்துக் குடியானவனின் குறும்புக்குச் சான்று. 1921-இல் அமைத்த இருட்டுக் கால்வாய்ப் படகுச் சவாரி இன்றும் ஓடுகிறது. குச்சியில் குத்திய பன்றி இறைச்சித் துண்டைக் கையில் பிடித்துத் தின்றுகொண்டே நடப்பது இங்கு எவருக்கும் அகௌரவமல்ல.

அகௌரவம் பாராமல் தின்னவேண்டியவர்களுள் ஜனாதிபதி பதவிக்கு ஆசைப்படுகிறவர்களும் உண்டு. 1972 முதல் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் படலம் நெடுங்காலம் அயோவாவிலேயே ஆரம்பமாகி வந்தபடியால், கோட்டைக் கழற்றி, சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு, வைக்கோல்கட்டுகளுக்கு முன்னே நின்று பிரசங்கம் செய்யாத வேட்பாளர் அரிதாயினர். கேட்டவர்கள் தமக்குப் பிடித்தவரின் பெயர் எழுதிய ஜாடியில் ஒரு சோளமணியைப் போட்டுவிட்டு நகருவார்கள். காலையில் மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்த அதே கண்கள் மத்தியானத்தில் மனிதரையும் பார்க்கின்றன. அளவுகோல் மாறுவதாகத் தோன்றவில்லை.

ஆனால் இங்கே மிகக் கடினமான தீர்ப்பைத் தாங்குகிறவர்கள் வேட்பாளர்கள் அல்லர். ஃபோர்-எச் என்னும் இளைஞர் சங்கத்துப் பிள்ளைகள். மாதக்கணக்கில் தீனி வைத்து, குளிப்பாட்டி, பெயர் வைத்து வளர்த்த கன்றை வளையத்துக்குள் நடத்திவந்து, அது பரிசு பெற்றுவிட்டால், அந்தப் பெருமையோடேயே ஏலத்திலும் நிறுத்த வேண்டும். தோற்றதென்றால் வீட்டுக்குத் திரும்பலாம். வென்றதென்றால் பிரிய வேண்டும். வளர்ப்பது எதற்கு என்பதை எந்தப் பாடசாலையும் இவ்வளவு தெளிவாகச் சொல்லிக்கொடுப்பதில்லை. ஆகவே, கும்மட்டத்தையும் வெண்ணெய்ப் பசுவையும் பார்த்து முடித்த பிரயாணி, பொழுது சாய்ந்தபின் கொட்டகைப் பக்கமாகச் சற்றே நடந்துவரட்டும். நாளைய தீர்ப்புக்குத் தேய்த்துப் பளபளப்பாக்கிய கன்றின் விலாவில் தலைசாய்த்து, வைக்கோல்மேல் ஒரு சிறுவன் உறங்கிக்கொண்டிருப்பான்.