சிங்கமும் கொசுவும்

கென்யா தேசத்தில் உத்தியோகம் பார்க்கும் என் தம்பி, கோடை விடுமுறைக்குத் தன்னிடம் வரும்படி அழைத்திருந்தான். செய்தி தெரிந்ததும் என் தாயார் கேட்ட முதல் கேள்வி இது:

"ஏப்பா, சிங்கமும் புலியும் திரியிற சீமைக்கா போறே?"

"ஆப்பிரிக்காவிலே புலி கிடையாது அம்மா."

"சிங்கம்?"

"சிங்கம் உண்டு."

அவ்வளவுதான். அன்று மாலையே கோச்சடை ஐயனாருக்கு ஒரு வேண்டுதல் செய்துகொண்டார். ஊர் எல்லையைக் காக்கிறவர் கடல் கடந்தும் காப்பார் என்பது அவருடைய நம்பிக்கை.

என் பங்குக்கு நானும் சில ஏற்பாடுகள் செய்தேன். சென்னை கிண்டியிலுள்ள கிங் இன்ஸ்டிடியூட்டுக்குப் போய் மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொண்டேன். அந்த அத்தாட்சி செல்லுபடியாகப் பத்து நாட்கள் வேண்டும். ஆகையால் புறப்படும் வாரத்தில் ஓடிப் பயனில்லை. ஒரு முறை பெற்றால் ஆயுள் முழுவதும் செல்லும். அது இல்லாமல் அங்கிருந்து திரும்புகிறவரை நம் சர்க்கார் ஆறு நாள் வரை தனியே நிறுத்தி வைக்கலாம். கென்யாவில் 2024ஆம் வருஷம் முதல் விசா முறை இல்லை. ஆனால் புறப்படுமுன் இணையத்தின் வழியே அனுமதி பெற்றாக வேண்டும்.

வைத்தியர் மலேரியாவைத் தடுக்கத் தினம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்து, "திரும்பி வந்த பிறகும் நான்கு வாரம் விடாமல் சாப்பிடுங்கள்" என்றார். மதுரைக்காரனுக்குக் கொசுவைப் பற்றிப் பாடமா என்று மனத்துக்குள் சிரித்துக்கொண்டேன்.

நைரோபி நகரம் 5,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் இருக்கிறது. நம் சித்திரை வெயிலில் வெந்தவனுக்கு அந்தக் குளிர் ஒரு வரப்பிரசாதம். அங்கே மலேரியாவும் குறைவு. ஆனால் பெருநகரங்களுக்கே உரிய அபாயங்கள் உண்டு. "இருட்டிய பிறகு கால்நடையாகப் போகாதீங்க அண்ணா, கார் ஜன்னலோரம் கைபேசியை நீட்டிப் பிடிக்காதீங்க, பாஸ்போர்ட்டை வீட்டிலே வைத்து, நகலை மட்டும் எடுத்துக்குங்க" என்று தம்பி எச்சரித்தான். பிளாஸ்டிக் பைகளை அத்தேசத்தார் 2017ஆம் வருஷமே தடை செய்துவிட்டார்கள், மீறினால் கடுந்தண்டனை. நான் கொண்டுபோன மஞ்சள் துணிப்பைக்கு அங்கே ஏகப்பட்ட மரியாதை!

பிறகு மொம்பாஸாவுக்கு ரயிலேறினோம். 2017இல் திறந்த புதிய பாதை அது. ஸாவோ வனத்தைக் கடக்கும்போது யானைக் கூட்டத்தைக் கண்டு வண்டியே ஆரவாரித்தது. எனக்கோ பழைய பாதையின் நினைவு வந்தது. 1896 முதல் 1901 வரை மொம்பாஸாவிலிருந்து விக்டோரியா ஏரி வரை ஆங்கிலேயர் இட்ட அந்த இருப்புப் பாதைக்காக நம் தேசத்திலிருந்து, முக்கியமாகப் பஞ்சாபிலிருந்து, சுமார் 32,000 தொழிலாளர் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களில் ஏறக்குறைய 2,500 பேர் மாண்டார்கள். 1898இல் இதே ஸாவோவில் இரண்டு சிங்கங்கள் தொழிலாளரைத் தின்ற கதையை உலகம் அறியும். ஆனால் சிங்கத்தின் வாயில் போனவர்கள் சிலரே. நோயும் விபத்தும் கொண்டுபோனவர்களே அநேகர். அவர்களைப் பற்றிக் கதை சொல்வார் யார்?

மொம்பாஸா கடற்கரைப் பட்டினம், தாழ்ந்த பூமி. நம் கோடை விடுமுறை அவர்களுக்கு மழைக் காலம். கொசுவுக்குக் கேட்க வேண்டுமா?

அங்கே ஒரு வேடிக்கை. மறுநாள் வருவதாகச் சொன்ன கார் ஓட்டுநர், "ஸா தாத்து" என்றார். மூன்று மணி என்று பொருள் செய்துகொண்டு, காலையில் சாவதானமாகத் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். மனிதர் ஒன்பது மணிக்கே வந்து நின்றார்! ஸ்வாஹிலி மொழியில் மணியைச் சூரியோதயத்திலிருந்து எண்ணுகிறார்கள். உதயாதி நாழிகை பார்த்த பாட்டனாருக்குப் பேரனாயிருந்தும் எனக்கு அது தோன்றவில்லை. அந்நிய நாட்டில் நேரத்தை இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொள்வது நலம். இரவுப் பிரயாணமானால் அது பாதுகாப்பும் கூட.

பதினைந்து நாட்களுக்குப் பின் சுகமாகக் கோச்சடை வந்து சேர்ந்தேன். தாயார் திருஷ்டி கழித்தார். சிங்கம் தின்னாமல் வந்துவிட்ட சந்தோஷத்தில் மாத்திரைகளை அலமாரியில் போட்டு மறந்தேன்.

பன்னிரண்டாம் நாள் காய்ச்சல் கண்டது. அலைச்சல் என்று எண்ணிக் கஷாயம் குடித்துப் படுத்தேன். மறுநாள் குளிர் நடுக்கம் கட்டிலையே ஆட்டியது. ஆஸ்பத்திரியில் பேசச் சக்தியில்லாமல் கிடந்தபோது, என் மனைவி வைத்தியரிடம், "இவங்க இப்பத்தான் ஆப்பிரிக்கா போய் வந்தாங்க" என்று ஒரு வார்த்தை சொன்னாள். உடனே இரத்தத்தைச் சோதித்தார்கள். பால்சிபாரம் என்னும் கொடிய வகை மலேரியா! கிழக்கு ஆப்பிரிக்காவில் பெரும்பாலும் காணப்படுவது இதுவே. சிகிச்சை ஒரு நாள் தாமதித்தாலும் உயிருக்கு ஆபத்து நேரலாம். என் நல்ல காலம், பிழைத்தேன்.

1897இல் செகந்தராபாத்தில் ரோனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியின் தடயத்தைக் கண்டறிந்தபோது, கென்யாவில் நம்மவர்கள் தண்டவாளம் சுமந்துகொண்டிருந்தார்கள். அந்த ஏழைகளுக்கு மாத்திரையும் இல்லை, எச்சரிக்க ஆளும் இல்லை. எனக்கு இரண்டும் இருந்தன. படித்தவன் என்ற கர்வந்தான் குறுக்கே நின்றது.

பிரயாணம் வீட்டு வாசற்படியில் முடிவதில்லை; கடைசி மாத்திரையை விழுங்கிய அன்றுதான் முடிகிறது. அதன் பிறகும் சில மாதங்களுக்குள் காய்ச்சல் வந்தால், போய் வந்த தேசத்தின் பெயரை வைத்தியரிடம் முதலில் சொல்லுங்கள்.

ஐயனாருக்குப் பொங்கல் வைத்தபோது தாயார் சொன்னார்: "சிங்கத்துக்குத்தான் வேண்டிக்கிட்டேன், கொசுவை மறந்துட்டேனே!"

மறந்தது அவரல்ல.