உரக்கச் சொல்லும் வேலை

ஆபரேஷன் தியேட்டர் என்றதும் வெளியில் காத்திருப்பவர்களுக்கு டாக்டரும் கத்தியும்தான் நினைவுக்கு வரும். உள்ளே நிற்கும் நர்ஸுகளான எங்களுக்கு அது காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும் இடம். மயக்கத்தில் இருப்பவரால் 'கை வலிக்குது' என்றோ 'இந்தக் கால் இல்ல' என்றோ சொல்ல முடியாது. அவர் சொல்ல வேண்டியதையெல்லாம் சுற்றி நிற்பவர்கள்தான் சொல்லியாக வேண்டும்.

அந்த வேலை அவர் விழித்திருக்கும்போதே தொடங்கிவிடுகிறது. 'வலது முட்டிதானே உங்களுக்கு?' என்று கேட்டால், பயந்து போயிருப்பவர் எதற்கும் தலையாட்டிவிடுவார். அதனால் 'அம்மா, உங்க பேரச் சொல்லுங்க. எந்தப் பக்கம் ஆபரேஷன்? தொட்டுக் காட்டுங்க' என்றுதான் கேட்போம். பதில் அவர் வாயிலிருந்தே வர வேண்டும். அது கேஸ் ஷீட்டோடும் கைப்பட்டையோடும் தோலில் போட்ட குறியோடும் ஒத்துப்போக வேண்டும்.

2008-ல் உலக சுகாதார நிறுவனம் அறுவை சிகிச்சைக்கான சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. ஒரே பக்கம், 19 அம்சங்கள். மயக்கம் கொடுக்கும் முன், தோலைக் கீறும் முன், நோயாளி தியேட்டரை விட்டுப் போகும் முன் என மூன்று முறை நின்று வாய்விட்டுச் சரிபார்க்க வேண்டும். புது டெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். 2009-ல் வந்த முடிவின்படி, மருத்துவமனையில் நேர்ந்த இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகவும், பெரிய சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 ஆகவும் குறைந்தன. அந்தப் பட்டியலில் ஓர் அம்சம், அறையில் இருக்கும் ஒவ்வொருவரும் தன் பெயரையும் பொறுப்பையும் சொல்வது. தொடக்கத்தில் ஒரு தரம் வாய் திறந்தவருக்கு, தவறைக் கண்ட நேரத்தில் மறுபடியும் வாய் திறப்பது எளிது.

அந்தக் குரல்களில் பல டெக்னீஷியன்களுடையவை. அனஸ்தீசியா டெக்னீஷியன் காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து மெஷினில் கசிவு இருக்கிறதா, சக்கர் இழுக்கிறதா, மாற்று சிலிண்டர் நிறைந்திருக்கிறதா என்று பார்க்கிறார். வெள்ளையாக இருக்க வேண்டிய சோடா லைம் ஊதா நிறமாகியிருந்தால் மாற்றுகிறார். நோயாளி வெளிவிடும் கரியமில வாயுவை உறிஞ்சும் சக்தி அதற்குத் தீர்ந்துவிட்டது என்பதற்கு அந்த ஊதாதான் அடையாளம். ஓ.டி. டெக்னீஷியன், மின்சாரத்தால் திசுவைச் சுட்டு ரத்தக் கசிவை நிறுத்தும் காட்டரியின் பிளேட்டைத் தொடையில், ஈரமில்லாத, சதைப்பிடிப்பான இடத்தில் முழுதும் படியும்படி ஒட்டுகிறார். ஓர் ஓரம் தூக்கிக்கொண்டால் மின்சாரம் மிச்ச இடத்தில் குவிந்து தோலைச் சுட்டுவிடும். நீட்டி வைத்த கை 90 டிகிரியைத் தாண்டாமலும் பார்த்துக்கொள்கிறார். தாண்டினால் தோளிலிருந்து கைக்குப் போகும் நரம்புகள் இழுபட்டு, கண் விழிக்கும்போது கை மரத்துக் கிடக்கும். ஸ்டெரிலைசேஷன் பிரிவிலிருந்து வரும் பெட்டியின் மேலே ஒட்டிய டேப் கறுத்திருந்தால் மட்டும் போதாது. உள்ளே வைத்த பட்டையும் நிறம் மாறியிருந்தால்தான் நீராவி கருவிகள்வரை போயிருக்கிறது என்று அர்த்தம். மாறவில்லையென்றால் பெட்டி முழுவதும் திரும்பிப் போகும்.

எங்கள் கைவேலையின் உயிர் மாப் கவுண்டில் இருக்கிறது. மாப் என்பது ரத்தத்தை ஒற்றியெடுக்கும் துணி. ரத்தத்தில் ஊறிய மாப், வயிற்றுக்குள் குடலோடு குடலாக ஒட்டிக் கிடக்கும். கண்ணை நம்ப முடியாது. அதனால் கீறலுக்கு முன்னும், வயிற்றை மூடும் முன்னும், தோல் தையலின்போதும் எண்ணுகிறோம். கை கழுவி, கருவி டிராலி அருகில் நிற்கும் ஸ்க்ரப் நர்ஸ் ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்ட, சற்றுத் தள்ளி நிற்கும் சர்குலேட்டிங் நர்ஸ் கூடவே எண்ணிப் போர்டில் எழுதுவார். 'சார், ஒரு மாப் குறையுது' என்றால் தையல் அந்த இடத்தில் நிற்கும். பக்கெட், தரை, துணி மடிப்பு, மறுபடி வயிறு என்று தேடுவோம். கிடைக்கவில்லையென்றால் எக்ஸ்ரே எடுப்போம். படத்தில் தெரிவதற்கென்றே ஒவ்வொரு மாப்பிலும் ஓர் இழை நெய்யப்பட்டிருக்கிறது. புதிதாக வரும் பெண்கள் பெரிய டாக்டர் முன்னால் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். கருவிகளின் பெயர்களைச் சொல்லிக்கொடுக்கும் முன், அந்த ஒரு வாக்கியத்தைக் கணீரென்று சொல்ல நான் அவர்களைப் பழக்குகிறேன்.

பிசியோதெரபிஸ்ட் அறுவைக்கு முன்பே வந்து மூச்சுப் பயிற்சி கற்றுத்தருவதும், நோயாளியால் முடியாததை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளும் இதே அக்கறைதான். வயிற்றில் தையலோடு கிடப்பவருக்கு அதைப் புதிதாகக் கற்கத் தெம்பு இருக்காது.

2021-ல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் பிசியோதெரபிஸ்டுகளையும் அறுவை, மயக்கவியல் தொழில்நுட்பர்களையும் தனித் தொழில்முறையினராக ஏற்று, அவர்களுக்குப் படிப்புத் தரமும் பதிவும் வேண்டும் என்கிறது. வெகுநாள் முன்பே வந்திருக்க வேண்டிய சட்டம் அது. ஆனால் சட்டம் தரும் மதிப்பைத் தியேட்டருக்குள் நாம்தான் நடைமுறையாக்க வேண்டும். 'டேய், இங்க வா' என்று கூப்பிடப்படுகிறவர், சோடா லைம் ஊதாவானதைச் சொல்லும் முன் ஒரு நொடி தயங்குவார். அந்த ஒரு நொடிக்கு விலை கொடுப்பவர் நோயாளி. ஆகவே டெக்னீஷியனைப் பெயர் சொல்லி மரியாதையோடு அழைப்பதையும் நோயாளியின் பாதுகாப்பில் சேர்த்துத்தான் நான் கணக்கு வைக்கிறேன்.