பாட்டுக் கேட்கப் போன பயணம்

“யாழ்ப்பாணத்துக்குக் கச்சேரி கேட்கப் போறோம் உம்மா” என்று நான் சொன்னபோது உம்மா முற்றத்தில் வெங்காயம் ஆய்ந்து கொண்டிருந்தார். தலை நிமிராமலே, “கச்சேரியில இப்ப என்ன போர்ம் குடுக்கிறாங்க? அடையாள அட்டையில போட்டோக் கொப்பி எடுத்து வச்சியா?” என்று கேட்டார்.

நான் சிரித்து விட்டேன். ஆனால் உம்மாவைக் குறை சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் கச்சேரி என்றால் அரசாங்கக் கந்தோர். உலருணவு அட்டை, பதிவு, காணி உறுதி, மீள்குடியேற்ற விண்ணப்பம் என்று இருபது வருடங்களாக நாங்கள் பஸ் ஏறியது இவற்றுக்காகத்தான். இல்லாவிட்டால் ஒரு மையித்து வீட்டுக்கு. சந்தோஷத்துக்காக ஒரு பயணம் போகலாம் என்பதே எங்களுக்கு மறந்து போயிருந்தது. சகோதரிகளே, உங்களில் பலருக்கும் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2011 மார்ச் 25, 26, 27 ஆகிய மூன்று நாட்களும் யாழ்ப்பாணத்தில் இசை விழா நடந்தது. சேவாலங்கா மன்றமும் நோர்வே நாட்டு இசை நிறுவனம் ஒன்றும் சேர்ந்து அதை ஒழுங்கு செய்திருந்தன. திறந்த வெளியில், கட்டணம் இல்லாமல், நாட்டின் பல பாகத்துக் கிராமியக் கலைஞர்களும் வெளிநாட்டுக் குழுக்களும் ஒரே மேடையில். ரேடியோவில் கேட்ட நாளிலிருந்து எனக்கு ஆசை.

நாங்கள் இருப்பது ஆலங்குடாவில். கற்பிட்டிக் குடாநாட்டில் ஒரு பக்கம் புத்தளம் களப்பு, மறுபக்கம் பெருங்கடல். மணல் பூமி. வெங்காயமும் மிளகாயும் செய்வார்கள். 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட சுமார் 75,000 முஸ்லிம்களில் பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்துக்குத்தான் வந்தார்கள். ஆலங்குடாவிலும் முகாம்கள் எழுந்தன. ஓலைக் குடிசையில் பிள்ளை பெற்று, ஓலைக் குடிசையிலேயே அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் பேசியவர்கள் இங்கே உண்டு. 2007இல் தொடங்கிய வீட்டுத் திட்டத்துக்குப் பிறகுதான் பலருக்குச் சீமெந்துச் சுவர் கிடைத்தது.

யுத்தம் முடிந்த பின்னர் எங்கள் கடற்கரைக்கு உல்லாசப் பயணிகள் வரத் தொடங்கினார்கள். காலையில் படகில் டொல்பின் பார்ப்பார்கள். இரவில் மணலில் கூடாரம் அடித்துப் படுப்பார்கள். என் சின்ன மகள் ஒருநாள், “உம்மா, இவங்களையும் யாராச்சும் விரட்டிட்டாங்களா?” என்று கேட்டாள். விரும்பியும் மனிதர்கள் கூடாரத்தில் படுப்பார்கள் என்று அவளுக்கு விளங்கப்படுத்த வெகு நேரம் எடுத்தது.

பயணத்துக்குச் சேர்ந்தவர்கள் மூன்று பேர். நான், முசலிப் பகுதியிலிருந்து இடம்பெயர்ந்து எங்கள் பக்கத்து வளவில் இருக்கும் ராத்தா, தலவில் பக்கத்துக் கத்தோலிக்க அக்கா. மூவரும் ஒரே தையல் குழு. சீட்டுக் காசில் வானுக்கு டீசல் அடிப்பதென்றும், என் தம்பி ஓட்டுவதென்றும் முடிவாயிற்று.

பேச்சு வராமல் இல்லை. பெண்கள் இரவு தங்கிப் பாட்டுக் கேட்கப் போவதா, மார்க்கத்துக்கு அது சரியா என்றெல்லாம் கேட்டார்கள். என் கணவர் இரண்டு நாள் ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள், “உன் வாப்பாட வீட்டைப் பார்க்கப் போ. போன இடத்தில பாட்டுக் கேட்டால் கேளு” என்றார். அது எனக்குப் போதுமாக இருந்தது.

26ஆம் திகதி சுபஹ் தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். வெளியில் தங்குவதில் அனுபவசாலி தலவில் அக்காதான். தலவில் அன்னம்மாள் திருவிழாவுக்கு எங்கெங்கிருந்தோ வரும் சனங்கள் கோயில் வளவில் மரங்களின் கீழ் தங்கிச் சமைத்துச் சாப்பிடுவதைச் சிறு வயதிலிருந்தே பார்த்தவர். தறப்பாள், நைலோன் கயிறு, பாய், அரிக்கன் லாம்பு, ஒரு சருவச்சட்டி என்று எல்லாவற்றையும் அவரே கட்டி எடுத்து வந்தார்.

புத்தளம் தாண்டும்போது அவர் சிரம்பியடிச் சனங்களைப் பற்றிச் சொன்னார். ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் பரம்பரை அவர்கள். ‘மஞ்ஞா’ என்ற அவர்களுடைய பாட்டுகள் போர்த்துக்கீசக் கலப்பு மொழியில் உள்ளவை. அன்றாடப் பேச்சில் அந்த மொழி மங்கிப் போய்விட்டது, பாட்டு மட்டும் நிற்கிறது. “பாட்டை மட்டும் ஒருத்தராலயும் பறிக்க ஏலாது போல” என்றார் ராத்தா.

அனுராதபுரம், மதவாச்சி, வவுனியா. ஓமந்தைச் சோதனைச் சாவடியில் இறங்கிப் பதிந்தோம். அதற்குப் பிறகு ஏ9 வீதி குண்டும் குழியுமாக, புழுதியாக இருந்தது. முறிகண்டியில் எல்லா வாகனங்களும் நிற்பதுபோல் நாங்களும் நின்று கச்சான் வாங்கினோம். கிளிநொச்சியில் சரிந்து கிடந்த பெரிய தண்ணீர்த் தாங்கியைக் கண்டதும் வானுக்குள் பேச்சு நின்றுவிட்டது. ஆனையிறவைக் கடந்து முகமாலைப் பக்கம் போனபோது வட்டு இல்லாத பனைகள், வீதியோரம் மிதிவெடிக்கான மண்டையோட்டுப் பலகைகள். பதினான்கு வயதில் ஒரு லொறியில் நின்றபடி நான் யாழ்ப்பாணத்தை விட்டு வந்தேன். அன்று இரவு. ஒன்றும் தெரியவில்லை. இப்போதுதான் முதல் முறை பார்க்கிறேன்.

அஸர் நேரத்தில் சோனகத் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தோம். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி ஆயுதம் தாங்கியவர்கள் எங்கள் ஆண்களை ஜின்னா மைதானத்துக்கு அழைத்து, இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறும்படி சொன்னார்கள். நாங்கள் பூட்டிவிட்டு வந்த வீட்டுக்கு இப்போது பூட்டும் இல்லை, கதவும் இல்லை, கூரையும் இல்லை. சுவர் இருந்தது. நடு அறையில் ஒரு வேப்பமரம் என்னை விட உயரமாக வளர்ந்து நின்றது.

நான் அழுவேன் என்று தோழிகள் பயந்திருந்தார்கள். தலவில் அக்கா வேப்பமரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “கயிறு கட்ட நல்ல மரம்” என்றார். மரத்துக்கும் சுவருக்கும் இடையில் தறப்பாளை இழுத்துக் கட்டினோம். செடியை வெட்டி, நிலத்தைக் கூட்டி, பாய் விரித்தோம். எங்கள் கிணறு தூர்ந்து கிடந்தது. திரும்பி வந்து குடியேறியிருந்த பக்கத்து வீட்டு மாமி இரண்டு வாளி தண்ணீர் தந்தார். மலசலகூடத்துக்கும் அவர் வீடுதான். தம்பி வானிலேயே படுத்துக் கொள்வதாகச் சொன்னான். இப்படியாக, என் வாப்பா கட்டிய வீட்டிலேயே நாங்கள் முகாம் போட்டோம்.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு நடந்தே மைதானத்துக்குப் போனோம். சனம் நிறைந்திருந்தது. குழந்தைகளைத் தோளில் வைத்துக்கொண்டு தகப்பன்மார், சைக்கிளைச் சாத்திவிட்டு இளைஞர்கள், பாய் விரித்துக் கிழவிகள். கூத்து நடந்தபோது மத்தளச் சத்தம் நெஞ்சுக்குள் இடித்தது. பாஷை விளங்காத பாட்டுக்கும் பிள்ளைகள் எழும்பி ஆடினார்கள். இரவில் இவ்வளவு பேர் பயமில்லாமல் வெளியில் இருப்பதைப் பார்ப்பதே ஒரு காட்சியாக இருந்தது.

எங்கள் பாயை ஒட்டி ஒரு பெண், இரண்டு பிள்ளைகளுடன் இருந்தார். கச்சானைக் கொடுத்துப் பேச்சைத் தொடங்கினோம். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார்.

“புத்தளம். ஆனா நான் பிறந்தது இங்க, சோனகத் தெரு.”

சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: “நீங்கள் போன அண்டைக்கு எனக்குப் பத்து வயசு அக்கா. அம்மா என்ர சட்டைத் துணியை உங்கட தெருவில தைக்கக் குடுத்திருந்தவ. அது வரவேயில்லை. துணிக்காக நான் அழ, அம்மா எனக்கு அடிச்சவ. அவையள் வீட்டையே விட்டுட்டுப் போட்டினம், உனக்குச் சட்டையோ எண்டு.”

எனக்குத் தொண்டை அடைத்தது. என் வாப்பாவும் தையல்காரர். அவரிடம் கொடுத்த துணிதானா என்று எனக்குத் தெரியாது. எங்கள் தெருவில் தையல்காரர் பலர். ஆனால் மௌத்தாகும் வரைக்கும் வாப்பா கவலைப்பட்டது தன் மெஷினுக்காக அல்ல. “ஊராட துணி இறாக்கையில இருந்திச்சே, அமானிதமாச்சே” என்றுதான் சொல்லுவார். அதை அவரிடம் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவரும் 1995இல் வீட்டை விட்டுப் போனவர். அதுவும் ஒக்டோபர் 30. எங்களுக்குச் சரியாக ஐந்து வருடம் கழித்து, வலிகாமத்துச் சனங்கள் ஒரே இரவில் வெளியேறிய நாள். பிறகு வன்னி, 2009இல் மெனிக் பாம். “நீங்கள் எத்தினை வருசம் காம்பில இருந்தனீங்கள்?” என்று கேட்டார். பதினேழு என்றேன். தான் ஒன்றரை வருடம் என்றார். குறைவாகச் சொன்னதற்கு வெட்கப்படுபவர் போல் சொன்னார். கணவரைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. மேடையில் அடுத்த பாட்டுத் தொடங்கியது. அவருடைய இளைய பிள்ளை என் மடியில் நித்திரையாகிப் போனது.

திரும்பி வந்து தறப்பாளுக்குக் கீழே படுத்தபோது நடுநிசி. தேய்பிறை நிலா பிந்தி எழும்பி வேப்பமரத்துக்குள் தெரிந்தது. “இதுவும் முகாம்தானே” என்றார் ராத்தா. “இல்லை ராத்தா, நாளைக்குக் காலையில நாமளே இதை அவிழ்ப்பம்” என்றேன். அவர் சிரித்தார். எனக்கு நல்ல நித்திரை வந்தது.

ஆலங்குடாவுக்குத் திரும்பியதும் உம்மா வீட்டைப் பற்றி ஒவ்வொன்றாக விசாரித்தார். கூரை, கிணறு, அடுப்படி. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கடைசியில், கொஞ்சம் தயங்கி, “பாட்டு நல்லா இருந்திச்சா?” என்று கேட்டார். 2013 மார்ச்சில் அந்த விழா மறுபடியும் யாழ்ப்பாணத்தில் நடந்தபோது எங்கள் வானில் உம்மாவுக்கும் ஓர் இடம் இருந்தது. அதற்குள் தம்பி இரண்டு அறைக்கு ஓடு போட்டிருந்தான். வேப்பமரத்தை மட்டும் வெட்ட நான் விடவில்லை.

நாங்கள் இன்றும் ஆலங்குடாவில்தான் இருக்கிறோம். திரும்பிப் போவதா, இங்கேயே இருப்பதா என்ற கேள்விக்கு எங்களைப் போன்ற பல குடும்பங்களிடம் ஒரே பதில் இல்லை. ஒரு பாட்டுக் கச்சேரி அதைத் தீர்க்கவும் மாட்டாது. ஆனால் ஒன்று சொல்வேன் சகோதரிகளே. போர்ம் நிரப்பவும் மையித்துக்கும் மட்டுமே பயணம் போகாதீர்கள். நாலு பேர் சேருங்கள். மாதம் ஒரு சிறு தொகை ஒதுக்குங்கள். வருடத்தில் ஒரு தடவையாவது, நீங்களே விரும்பிய இடத்தில், நீங்களே கட்டி நீங்களே அவிழ்க்கும் ஒரு தறப்பாளின் கீழ் ஓர் இரவு படுத்துப் பாருங்கள்.