பரணில் இருந்த புத்தகங்கள்

17 வருஷ சிங்கப்பூர் வேலையை முடித்துக்கொண்டு அப்பா வானூருக்கே வந்துவிட்டார். கூடவே 6 அட்டைப்பெட்டி புத்தகங்கள். "நீதானம்மா படிச்சவ, அடுக்கிக் குடு" என்றார்.

எனக்குத் தெரிந்தது செய்தி அடுக்குவதுதான். தேடியபோது சீர்காழி எஸ்.ஆர்.ரங்கநாதன் கிடைத்தார். லண்டனில் நூலகவியல் படித்து 1925-ல் திரும்பியவர், சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தையே மாற்றி அடுக்கியிருக்கிறார். 1931-ல் அவர் எழுதிய ஐந்து விதிகளில் முதலாவதின் சாரம், புத்தகம் பூட்டி வைக்க அல்ல, எடுத்துப் படிக்க.

சுருக்கென்றது. ஒவ்வொரு லீவுக்கும் அப்பா கொண்டுவந்ததையெல்லாம் நாங்கள் பரணில் கட்டிப் போட்டிருந்தோம். போன வருஷமே கரையான் தின்றுவிட்டது. அம்மா போனில் சொல்லவே இல்லை.

"பழசையும் இறக்கு, சேர்த்தே அடுக்கலாம்" என்றார் அப்பா.

நான்தான் சொன்னேன். வெகுநேரம் அவர் பேசவில்லை. அம்மா அடுப்படியைவிட்டு வெளியே வரவே இல்லை. பிறகு மேல்தட்டைத் துடைத்து, "இது காலியா இருக்கட்டும். நோட்டு எடு" என்றார். ஞாபகத்திலிருந்து ஒவ்வொரு தலைப்பாகச் சொல்லச் சொல்ல எழுதினேன். 43-ல் நிறுத்தினார்.

அலமாரியைச் சுவரிலிருந்து அரையடி தள்ளிப் போட்டிருக்கிறோம். வாரம் ஒருமுறை பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்ப்பது அம்மா. அவரே கேட்டு வாங்கிக்கொண்ட வேலை.