அளவுகோலும் அறமும்

வருங்காலத்தை அறிய வேண்டுமென்னும் வேட்கை மாந்தர்க்கு இயல்பு. குறிகேட்போரும் சோதிடரை நாடுவோரும் எந்நாட்டிலும் உளர். ஆயின், நாளை நிகழ்வதை அளந்தறியத் தம் வாழ்நாளையே ஒப்படைத்த அறிஞர் ஒருவரது வரலாற்றைக் கற்றபோது, தமிழ் பயிலும் என்னுள்ளத்தை அது வெகுவாகக் கவர்ந்தது.

லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன் 1881-ஆம் ஆண்டு இங்கிலாந்திலே, குவேக்கர் என்னும் கிறிஸ்தவ சபையினர் குடும்பத்திற் பிறந்தார். கேம்பிரிட்ஜிற் கற்றபின், அளவைகளின் செம்மையைப் பேணும் தேசியப் பௌதிக ஆய்வுக்கூடத்திற் பணியாற்றி, பின்னர் வானிலைத் துறையிற் சேர்ந்தார். முதல் உலகப்போரிற் படைக்கலம் ஏந்த அவர் மனச்சான்று இடந்தரவில்லை. எனினும் துன்புறுவோரை விட்டு ஒதுங்கியிருக்கவும் மனம் ஒருப்படாது, 1916-இற் பிரான்சு சென்று, காயமுற்றோரை ஏற்றிச்செல்லும் வண்டியை ஓட்டினார். ஓய்வு வாய்த்தபோதெல்லாம், 1910 மே 20-ஆம் நாளின் வானிலை ஆறுமணி நேரத்தில் எங்ஙனம் மாறியிருக்கும் என்பதைக் கையாற் கணக்கிட்டார். போர்க்குழப்பத்திற் காணாமற்போன அவர் கையெழுத்துப்படி, சில திங்கள் கழித்து நிலக்கரிக் குவியலின் அடியில் அகப்பட்டது.

கணக்கின் விடையோ பெரிதும் பிழைபட்டது. காற்றழுத்தம் ஏறக்குறைய மாறாதிருந்த பொழுதில், அது 145 மில்லிபார் உயருமென்று கணக்குக் கூறிற்று. அதனை அவர் மறைத்தாரல்லர். 1922-இல் வெளிவந்த தம் நூலில் உள்ளவாறே பதிப்பித்தார். 1950-இல் அமெரிக்க அறிஞர் கணிப்பொறியின் துணையால் அந்நெறியை வெற்றியுறச் செய்தனர். இன்று கடலோர மக்களைக் காக்கும் புயலறிவிப்பு அவ்வழி வந்ததே.

1920-இல் வானிலைத் துறை விமானப்படை அமைச்சின்கீழ் வந்ததும், ரிச்சர்ட்சன் பதவியைத் துறந்தார். போரின் காரணங்களை எண்ணால் ஆராய்ந்தால் வருங்காலப் போர்களைத் தடுக்கலாகும் என்று நம்பி, 1940-இற் கல்லூரித் தலைமையையும் விட்டு அவ்வாராய்ச்சியில் அமர்ந்தார். நாடுகளின் எல்லை நீளத்திற்கும் போருக்கும் தொடர்புண்டோ என நாடியபோது, ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் இடையிலுள்ள ஒரே எல்லை ஒரு கணக்கில் 987 கிலோமீட்டராகவும், மற்றொன்றில் 1,214 கிலோமீட்டராகவும் இருக்கக் கண்டார். சிறிய கோல்கொண்டு அளந்தால் வளைவுநெளிவுகள் மிகுதியும் அகப்பட, நீளம் பெருகும் என்பதை விளக்கினார். அவர் 1953-இல் மறைந்தார். போர் பற்றிய பெருநூல்கள் இரண்டும் 1960-இலேதான் வெளிவந்தன.

தமிழ்மொழி அளக்கும் கருவியையும் கோல் என்கிறது. நிறுக்கும் கருவியையும் கோல் என்கிறது. அரசன் கையிலுள்ள நீதியின் சின்னத்தையும் கோல் என்கிறது. இம்மூன்றும் ஒருசொல்லில் அடங்கிய பொருத்தத்தை நான் ரிச்சர்ட்சனிடத்தே கண்டேன். தன் பிழையை மறைக்கும் கோல் வளைந்த கோல். கொலைக்குத் துணைபோகும் கோல் கொடுங்கோல். நம் மாணவருட் பலர் நாளை ஆய்வுக்கூடங்களிலும் அலுவலகங்களிலும் அளக்கும் பணியினை ஏற்பர். எவ்வளவு நுட்பமாக அளக்கிறோம் என்பதோடு, யார் பொருட்டு அளக்கிறோம் என்னும் கேள்வியும் அன்று நம்முன் நிற்கும். அதற்கு விடைகூறும் நாளிற் பதவியினும் மனச்சான்றே பெரிதெனக் கொள்ளும் உரத்தை ஆண்டவர் நமக்கு அருள்வாராக.