சந்திக்க ஆளில்லாதவனின் மூலை

ஷெஃபீல்ட் நகரின் நடுவே, ஃபார்கேட்டும் சேர்ச் தெருவும் சந்திக்கிற மூலையில் காதலுக்கு ஏற்றதாக எதுவும் கண்ணில் படாது. ட்ராம் திரும்பும், அவ்வளவுதான். ஆனால் இந்த ஊர்க் கிழவிகளைக் கேட்டால், "கோல்ஸ் கோர்னரிலதான் அவர் எனக்காகக் காத்து நிண்டவர்" என்று முகம் மலர்வார்கள். கோல் பிரதர்ஸ் என்ற பெரிய கடை அங்கே இருந்தது. 1963இல் கடை பார்க்கர்ஸ் பூலுக்கு மாறிவிட்டது. பழைய கட்டடத்தையும் இடித்துவிட்டார்கள். சனத்தின் வாயில் பெயர் மட்டும் இன்னும் கிடக்கிறது.

பாடகர் ரிச்சர்ட் ஹாலி 2005இல் வெளியிட்ட அல்பத்துக்கும் அதே பெயர். உருக்காலைத் தொழிலாளியின் மகன். லோங்பிக்ஸ் ரொக் குழுவில் கிற்றார் வாசித்தவர், பல்ப் குழுவோடும் மேடையேறியவர். பிறந்த ஊரான ஷெஃபீல்டிலேயே குடும்பத்தோடு இருந்துகொண்டு, லோவெட்ஜஸ், லேடீஸ் பிரிட்ஜ் என்று அல்பங்கள் பலவற்றுக்கு ஊரின் இடப்பெயர்களையே வைத்தார்.

கோல்ஸ் கோர்னரைக் காதல் அல்பம் என்பார்கள். எனக்கு அப்படிக் கேட்கவில்லை. ஊரே ஜோடி சேர்ந்த மூலைக்கு, சந்திக்க ஆளில்லாத ஒருவனை அனுப்புகிறார் ஹாலி. வயலின்கள் குழைய, அடித்தொண்டையில், அவசரமேயில்லாமல் பாடுகிறார். கெட்டிக்காரன்! அட்டையில் பூங்கொத்தோடு நிற்கும் படம்கூட இங்கே எடுத்ததல்ல; கடலோர ஸ்கார்பரோவில், ஸ்டீபன் ஜோசப் அரங்கின் வாசலில் எடுத்தது.

வேலைத்தலத்துச் சிநேகிதர் ஒருவர் அந்த இறுவட்டை என் கையில் வைத்தபோது, மனைவியின் விசா இழுபட்டுக்கொண்டிருந்தது. சனிக்கிழமைகளில், வாங்க ஒன்றுமில்லாவிட்டாலும், ஆட்களைப் பார்க்கவென்றே பஸ் ஏறி டவுணுக்குப் போவேன். ஊரில் இருப்பதைப் புதிதாக வந்தவன் கெதியாகப் படித்துவிடலாம். இடிபட்டுப்போனதை யார் சொல்லித் தருவார்கள்? எனக்கு இந்தப் பாட்டுகள் சொல்லித்தந்தன.

2006இல் மேர்க்கியூரி இசைப் பரிசின் இறுதிப் பட்டியலுக்கு வந்த அல்பம் இதே ஊர்ப் பொடியள் ஆர்க்டிக் மங்கீஸிடம் தோற்றது. ஹாலியைக் கொள்ளையடித்துவிட்டார்கள், பொலிசைக் கூப்பிடுங்கள் என்று மேடையிலேயே பகிடி விட்டார் அவர்களின் பாடகர் அலெக்ஸ் டர்னர். எங்கள் வீட்டில் வாக்கெடுத்தாலும் அதே முடிவுதான். மகள் மங்கீஸ் கட்சி. மனைவியோ, "இந்தாள் ஏனப்பா செத்தவீட்டில பாடுற மாதிரிப் பாடுது?" என்கிறாள். காரில் தனியாகப் போகும்போதுதான் எனக்கு ஹாலி கிடைக்கிறார்.