பதின்மூன்று படிகள்

கலேவெலயில், குருநாகல் - தம்புள்ள வீதியிலிருந்து சற்று உள்ளே எங்கள் வீடு. வாப்பா மேசன் வேலை செய்கிறார். ராத்தா உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவில் படித்து, பின்னர் கணினியில் கட்டடப் படம் வரையும் பயிற்சியையும் முடித்தார். சான்றிதழ் கிடைத்த அன்று உம்மா வட்டிலப்பம் செய்தார். ஆனால் வேலை கிடைக்கவில்லை. கிடைக்கக்கூடிய இடங்களெல்லாம் கண்டியிலும் கொழும்பிலும் இருந்தன. தனியே தங்க வைக்க உம்மாவுக்கு மனம் வரவில்லை.

"அப்படியென்றால் வீட்டிலிருந்தே வரைகிறேன்" என்றார் ராத்தா.

"வீட்டில் இருக்கிற பிள்ளையைத் தேடி யார் வேலை கொண்டு வருவது?" என்று உம்மா கேட்டார்.

வாப்பாதான் கொண்டு வந்தார். அவர் அத்திவாரம் போடவிருந்த ஒரு மாடி வீட்டின் படம் அது. கொப்பித் தாளில் பேனையால் கீறியிருந்தார்கள். ராத்தா மூன்று இரவுகள் விழித்திருந்து அதை ஓட்டோகேட்டில் வரைந்தார். எனக்கோ அது புத்தகத்தில் வரும் படம் போலவே தெரிந்தது.

இஷாவுக்குப் பின் வாப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை விரித்தார். படிக்கட்டில் விரல் வைத்து எண்ணினார். பதின்மூன்று படிகள்.

"மாடிக்கு உயரம் எவ்வளவு மகள்?"

"பத்து அடி வாப்பா."

"அப்ப ஒரு படி ஒன்பது அங்குலத்துக்கும் கூட வருது. அந்த வீட்டு உம்மம்மா எப்படி ஏறுவா? கம்பியூட்டர் படி ஏறாது மகள், மனுசன்தான் ஏறணும்."

ராத்தாவின் முகம் வாடிவிட்டது. ஆனாலும் அன்றிரவே திருத்த உட்கார்ந்தார். ஒரு படிக்கு ஏறக்குறைய ஏழு அங்குலம் என்றால் 17 ஏற்றங்கள் வேண்டும். கால் வைக்கப் பத்து அங்குலம் விட்டால், 16 மிதிகளுக்கு 13 அடி 4 அங்குல நீளம் தேவை. அறையில் அவ்வளவு இடமில்லை. நடுவில் ஒரு தட்டு வைத்துப் படியைத் திருப்பினார். அன்றுமுதல் வாப்பா பார்க்காமல் எந்தப் படமும் வீட்டை விட்டு வெளியே போவதில்லை. பிரதேச சபைக்குப் போகும் படங்களில் தகுதி பெற்றவர் ஒருவர் சரிபார்த்துக் கையொப்பமிடுவார். வரைவது மட்டுமே ராத்தாவின் வேலை.

பிறகு இணையத்தில் தேடினார். வெளிநாட்டிலிருந்து ஒருவர், "மாதிரிக்கு ஒன்று வரைந்து அனுப்புங்கள்" என்றார். முழு வீட்டையும் வரைந்து அனுப்பினார். அதன் பின் அவரிடமிருந்து பதிலே இல்லை. அன்று ராத்தா அழுததை உம்மாவுக்கு நான் சொல்லவில்லை. இப்போது அப்வேர்க் போன்ற தளத்தில், வேலை கொடுப்பவர் பணத்தை முதலில் தளத்திடம் கட்டிய பின்பே தொடங்குகிறார். பார்ப்பதற்கு மட்டும் பீடிஎப் அனுப்புவார். மூலக் கோப்பு கடைசியில்தான்.

ஆனால் பெரிய தொல்லை வெளிநாட்டிலிருந்து வரவில்லை. "வீட்டில் சும்மாதானே இருக்கிறாள்" என்ற பேச்சுத்தான். கடைக்குப் போக, பிள்ளை பார்க்க, விருந்துக்கு உதவ என்று எல்லோரும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஒருநாள் உம்மாவே வாசலில் நின்று, "மகள் வேலையில் இருக்கிறா, பின்னேரம் வாங்க" என்றார். எங்கள் வீட்டில் அதை "வேலை" என்று உம்மா சொன்னது அதுதான் முதல் தடவை. அந்த மாதம் என் வகுப்புக் கட்டணத்தை ராத்தா கட்டினார்.

நானும் பொறியியல் தொழினுட்பவியல் படிக்கிறேன். அந்தத் தளத்தில் கணக்குத் திறக்க 18 வயதாக வேண்டும். எனக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. அதுவரை ராத்தாவின் பழைய படங்களைப் பார்த்து வரைந்து பழகுகிறேன். நேற்று ஒரு மாடி வீடு வரைந்து வாப்பாவிடம் நீட்டினேன். அவர் கண்ணாடியைத் தேடும் முன்பே, என் விரலை வைத்து நானே படிகளை எண்ணிக் காட்டினேன்.

பதினேழு. வாப்பா சிரித்தார்.